மொட்டு உதிர்கிறதா, இலை மஞ்சளா, மாவு அப்பியிருக்கிறதா: தொட்டிச் செம்பருத்திக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

மாடித் தொட்டியில் வளரும் செம்பருத்திக்கான குறிப்புகள் இவை. சென்னை மாதிரி வெயிலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்த ஊரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேலியோரம் தரையில் நிற்கும் நாட்டுச் செம்பருத்திக்கு இவ்வளவு வைத்தியம் தேவைப்படாது. அதன் வேர் தானே போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பூக்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்குள் அடைபட்ட செடிக்கு அந்த வசதி இல்லை. நாம் ஊற்றுவதுதான் தண்ணீர், நாம் போடுவதுதான் சாப்பாடு. அதனால்தான் தொட்டிச் செம்பருத்தியில் பூச்சியால் வரும் தொல்லையைவிடத் தண்ணீர் ஊற்றும் கையால் வரும் தொல்லை அதிகம். மருந்துக் கடைக்குப் போகும் முன் மண்ணைப் பாருங்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

உங்கள் செடியில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் படிக்கலாம். எந்த அறிகுறியானாலும் ஒரு சோதனையை முடித்துவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: விரல் சோதனை

தண்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். சில்லென்று இருந்து, விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால், அடித் துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றுங்கள். விரலே இறங்கவில்லையா? மண் இறுகிவிட்டது. செம்மண்ணை மட்டும் போட்டு நட்ட தொட்டிகளில் ஒரு வருடத்துக்குள் இது நடக்கும்.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் கலந்த தொட்டியில் விரலை முழுசாக நம்ப முடியாது. மேலே இரண்டு அங்குலம் காய்ந்து வெளுத்துக் கிடக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். எந்த ஆழத்திலிருந்து ஈரம் தொடங்குகிறது என்று குச்சியின் நிறமே காட்டிவிடும். குரோ பேக் என்றால் லேசாகச் சாய்த்துத் தூக்கிப் பார்ப்பது இன்னும் சுலபம். நன்றாக ஊற்றிய பிறகு என்ன கனம், காய்ந்த பிறகு என்ன கனம் என்று கைக்குப் பழகிவிட்டால் போதும்.

தினமும் காலையில் ஆளுக்கு ஒரு மக் என்று எல்லாத் தொட்டிக்கும் ஊற்றிக்கொண்டு போகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. செம்பருத்திக்கு இதைவிட மோசமான பழக்கம் இல்லை. அந்த ஒரு மக் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். அடி வேருக்கு எட்டாது, தண்ணீரில் வரும் உப்பும் வெளியேறாமல் தொட்டிக்குள்ளேயே தங்கும். ஊற்றினால் வழிய ஊற்ற வேண்டும். பிறகு மேல்மண் காயும்வரை கை வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் இது தினமும் வரலாம், மொட்டைமாடியில் இரண்டு வேளைகூட ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் தேவையே இருக்காது.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது

எல்லா அறிகுறிகளிலும் அவசரமானது இதுதான். தவறான வைத்தியம் நடப்பதும் இதில்தான்: வாடியிருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். தண்ணீரில் மூழ்கிய வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கிவிட்டது. அழுகிய வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது.

தொட்டியைச் சாய்த்து அடித் துளையைப் பாருங்கள். வேர் அடைத்திருக்கலாம், மண் அடைத்திருக்கலாம், வாங்கி வந்த பிளாஸ்டிக் தொட்டியில் துளையே போடாமலும் இருக்கலாம். குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும் என்பது தனித் தலைவலி.

துளையருகே மூக்கை வைத்தால் சாக்கடை வாடை அடிக்கிறதா? செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்தாக வேண்டும். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகியது கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் கையில் நிற்கும். கறுத்ததை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, அதே அளவுக்கு மேலே கிளைகளையும் குறையுங்கள். பாதி வேரை வைத்துக்கொண்டு முழுச் செடியின் இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், கோகோபீட் மூன்றும் சம பங்கு. அதோடு கொரகொரப்பான மணலோ பொடித்த செங்கல் ஜல்லியோ இரண்டு கை சேர்த்து நடுங்கள். எம்-சாண்டில் தூள் அதிகம் இருந்தால் சிமெண்ட் மாதிரி படிந்துவிடும், சலித்துவிட்டுப் போடுங்கள். நிழலில் வைத்து, புதுத் தளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம்.

மதியம் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது

கோளாறு இல்லை. கத்திரி வெயிலில் வேர் ஏற்றும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகம், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கும் வாடியே நின்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வாடுகிறதே என்று ஹோஸைத் திறக்காதீர்கள். மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த குழாய்க்குள் நிற்கும் தண்ணீரும், பிளாஸ்டிக் டேங்க்கிலிருந்து வருவதும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது நேராக வேரில் போய் விழும். காலை ஏழு மணிக்குள் ஊற்றுவது நல்லது. சாயங்காலம்தான் முடியும் என்றால், குழாயில் நிற்கும் சூட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

ஊற்றிய உடனே தண்ணீர் அடியில் ஓடிவிடுகிறது

கோகோபீட் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே உறிஞ்சாது. மண்கட்டி சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகி, அந்த இடுக்கு வழியாகவே எல்லாம் வடிந்துவிடும். நாம் மூன்று லிட்டர் ஊற்றியதாக நினைப்போம். வேருக்கு ஒரு டம்ளர்கூடப் போயிருக்காது. தொட்டியை ஒரு டப்பில் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். அதன்பின் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மேலே மூடாக்குப் போடுங்கள். அடுத்த மாதமே மறுபடி இப்படி ஆனால் தொட்டி முழுக்க வேர்தான் இருக்கிறது, மண் இல்லை என்று அர்த்தம். பெரிய தொட்டிக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இலை மஞ்சளாகிறது

'செம்பருத்தி இலை மஞ்சளாகுது, என்ன பண்ணலாம்' என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மேல் இலையா, கீழ் இலையா? நரம்பு பச்சையா, மஞ்சளா? இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே ஒன்றிரண்டு இலை மட்டும் மஞ்சளாகி விழுந்தால் வயசாகிவிட்டது, விடுங்கள். நர்சரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதிலும், இடம் மாற்றிய பிறகும் கொஞ்சம் அதிகமாகவே விழும்.

கீழ் இலைகள் கொத்துக் கொத்தாக மஞ்சளானால் விரல் சோதனைக்குத் திரும்புங்கள். மண் ஈரமாக இருந்தால் மேலே சொன்ன வேர் விவகாரம். மண் சரியாக இருந்தால் போன வாரத்தை நினைத்துப் பாருங்கள். செம்பருத்தி, தண்ணீர் இல்லாமல் காய்ந்த அன்றைக்கே இலையைக் கொட்டாது. சில நாள் கழித்துத்தான் கொட்டும். ஊருக்குப் போய்வந்து நன்றாகத் தண்ணீர் காட்டிய பிறகு இலை உதிரும், நாம் ஊற்றியதுதான் அதிகமோ என்று தோன்றும். அப்படி உதிர்ந்தால் எதையும் மாற்றாமல் விடுவதே சரி.

கீழ் இலை முழுதாக வெளிறி, புதிதாக வரும் இலையும் சிறுத்திருந்தால் பசி. இரண்டு கை மண்புழு உரம் போட்டு மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். கடலைப் புண்ணாக்கு என்றால் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் வேர் கருகும், புழுவும் வைக்கும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வரும்.

கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பைக் கரைத்து மாதம் இருமுறை ஊற்றினால் போதும்.

இதே கோலம், நரம்பு பச்சை மற்றது மஞ்சள், உச்சிக் கொழுந்தில் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சர்வசாதாரணம். மண்ணில் இரும்பு இருக்கும். தண்ணீரின் காரத்தன்மையால் செடி அதை எடுக்க முடியாத நிலைக்குப் போய்விடும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு எல்லாம் செடிக்கு நல்லது என்று போட்டுக்கொண்டே இருப்பவர்கள் தொட்டியில் இது இன்னும் முற்றும், ஏனென்றால் அவை மூன்றும் காரத்தைக் கூட்டுபவை. உப்புத் தண்ணீர் ஊரில் செம்பருத்திக்கு முட்டை ஓடு போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வைத்தியம் அன்னபேதி. உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் வெளிர்பச்சைப் படிகமாகத் தருவார்கள். பழுப்பாகத் தூளாகிவிட்டதை வாங்க வேண்டாம். மல்லிகைத் தோட்டங்களில் இதே கோளாறுக்கு லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளிப்பது வழக்கம். தொட்டிச் செடிக்கு 2 கிராமில் தொடங்குங்கள். சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கரைசல் சீக்கிரம் துருநிறமாக மாறாது. கலந்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். தரையிலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது. குணம் தெரிகிறதா என்பதைப் புதிதாக வரும் கொழுந்தில் பாருங்கள், பழைய இலையில் தேடாதீர்கள். நீண்ட நாள் தீர்வு வேண்டுமென்றால் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்புச் செலேட் (செடி எடுக்கும் வடிவில் இருக்கும் இரும்பு) வாங்கி மண்ணில் ஊற்றலாம், விலை கூடுதல். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிற்காது.

கடைசியாக ஒன்று. நரம்பு மஞ்சளாகவும் நடுவில் பச்சையாகவும், அதாவது இதற்கு நேர்மாறாக வலைபோல் தெரிந்தால் அது சத்துக் குறைவில்லை, வைரஸ். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும். செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம். பரப்புவது வெள்ளை ஈ. மருந்து கிடையாது, அந்தச் செடியை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு நடுவே மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். பொதுவாகவே வெண்டைத் தொட்டியைச் செம்பருத்திக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம், இதற்கு வரும் பூச்சியில் பாதி அதற்கும் வரும்.

இலையின் ஓரம் மட்டும் கருகுகிறது

உப்பு. மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளைப் பூப்பு பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களா என்று பாருங்கள். வீணாகப் போகிறதே என்ற நல்ல மனசு புரிகிறது; ஆனால் உள்ளே போனதைவிட அதிக உப்போடுதான் அது வெளியே வருகிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி எடுப்பது சுலபம். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி அடியில் வடியவிட வேண்டும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை இந்த வேலையை இலவசமாகவே செய்துகொடுக்கும், அடித் துளை திறந்திருந்தால்.

மொட்டு விரியாமல் உதிர்கிறது

பூத்த பூ மறுநாள் சுருண்டு விழுவதை உதிர்வு என்று எண்ண வேண்டாம். நாட்டு ரகங்களில் ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். சில ஒட்டு ரகங்களில் இரண்டு நாள். இங்கே பேச்சு, விரியாமலே காம்போடு விழும் மொட்டைப் பற்றி.

விழுந்த மொட்டைப் பெருக்கித் தள்ளும் முன் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாள் மேல் வைத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடிப்பக்கத்தில், சந்தன நிறத்தில், ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் கால் இல்லாத புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. கொஞ்சம் காத்திருந்தால் அதில் ஒன்று உடலை வளைத்து விண்ணென்று தாளைத் தாண்டித் துள்ளும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. மல்லிகை மொட்டு அடியில் வீங்கி, ஊதா நிறமாகி, மலராமல் போவதும் இதே ஈயின் வேலைதான். பக்கத்தில் குண்டுமல்லித் தொட்டி இருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள். அடுக்குச் செம்பருத்திதான் இதில் அதிகம் மாட்டுகிறது.

மொட்டுக்குள் இருக்கும் புழுவை மருந்து எட்டாது. அது மொட்டோடு விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்ப மேலே வரும். அந்தச் சுற்றை அறுப்பதுதான் வழி. விழுந்த மொட்டையும், செடியிலேயே மஞ்சளாகி நிற்கும் மொட்டையும் தினமும் பொறுக்கி பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். உரத்தொட்டியில் போட்டால் ஈயை வளர்த்துக் கொடுத்த மாதிரி. மேல்மண்ணை ஓர் அங்குலம் வழித்தெடுத்து மாற்றி, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுங்கள். முட்டையிலிருந்து ஈவரை ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்பதால் ஒரு மாதம் விடாமல் செய்தால்தான் பலன். இரண்டு நாள் பொறுக்கிவிட்டு நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண்.

பிளந்த மொட்டில் புழு இல்லை, இதழ் ஓரத்தில் பழுப்புக் கீறல்கள், தாளில் தட்டினால் நூல்போல மெல்லிய பூச்சிகள் ஓடுகின்றன என்றால் இலைப்பேன். வேப்பெண்ணெய்க் கரைசல் கேட்கும். அளவு கீழே, மாவுப்பூச்சிப் பகுதியில்.

மொட்டு சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் மறுபடியும் தண்ணீர்தான். ஒரு நாள் காய்ந்து, ஒரு நாள் ஊறி என்று மாறி மாறி நடந்தால் செம்பருத்தி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். அதிலும் குண்டூசித் தலை அளவுப் பிஞ்சு மொட்டுகள் கொட்டினால் பெரும்பாலும் இதுவே காரணம். தொட்டியைத் திருப்பி வைத்தாலும், இடம் மாற்றினாலும் ஓரிரு வாரம் கொட்டும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பெரிய பூ ஒட்டு ரகங்கள் மொட்டைக் காப்பாற்றுவதே இல்லை. ஐம்பது சதவீதப் பச்சை வலை கட்டி, வெயில் பட்டுச் சூடேறும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஆடி பிறந்ததும் தானே சரியாகும்.

கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது

மாவுப்பூச்சி. செம்பருத்தி வளர்த்தால் இதோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டியே ஆக வேண்டும்.

பூச்சிக்கு முன் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், இரை தேடி வரும் பொறிவண்டைத் துரத்தும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சியோ, அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியோ மேலே எங்கோ இருக்கிறது. தொட்டியின் அடியைத் தண்ணீர் நிற்கும் தட்டில் வைப்பதைவிட, தண்டில் ஒரு டேப்பைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுவது மேல். கிரீஸ் தோலில் படக் கூடாது, சுவரைத் தொடும் கிளையும் இருக்கக் கூடாது. பாலம் கிடைத்தால் எறும்பு விடாது.

கொஞ்சமாக இருக்கும்போதே பழைய பல் தேய்க்கும் பிரஷை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்துவிட்டால் முடிந்தது. பரவிவிட்டால், ஹோஸின் வாயை விரலால் அழுத்தி, வேகமான பீச்சலில் இலையின் அடிப்பக்கத்தையும் கிளைக் கவட்டையும் கழுவுங்கள். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுத் தூள் போனால்தான் எந்தக் கரைசலும் உடம்பில் ஒட்டும். கழுவாமல் மருந்தடித்துவிட்டு மருந்து சரியில்லை என்பவர்கள் அதிகம்.

பிறகு சாயங்காலத்தில் வேப்பெண்ணெய். 5 மில்லி எண்ணெயை முதலில் ஒரு கரண்டி காதி சோப்புக் கரைசலில் அடித்துப் பால்போல ஆக்கி, அதற்கப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றுங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதந்து, கடைசியாகத் தெளிக்கும் கிளையில் மொத்தமும் போய் விழுந்து அதைக் கருக்கும். ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் தெளிக்கலாம். பஞ்சுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே தெளிப்பு ஒன்றும் செய்யாது. வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று முறை. தொட்டி விளிம்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், அங்கே ஒளிந்திருப்பவைதான் திரும்ப ஏறும்.

இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை ஊற்றினால் சீக்கிரம் போய்விடுமே என்று உரக்கடையில் சொல்வார்கள். போகும். ஆனால் அது செடி முழுக்கப் பரவும் மருந்து, தேனிலும் இறங்கும். தேனீயும் தேன்சிட்டும் வரும் செடி. பூவைத் தலைக்குக் காய்ச்சும் எண்ணெயிலும் டீயிலும் போடுகிற வீடு. வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, நீளமான வெள்ளை மெழுகு இழைகள் கலைந்த தலைமுடி மாதிரி தொங்க, விறுவிறுவென்று நடந்துபோகும் ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் இளம்புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: மாவுப்பூச்சி அசைவதற்கே யோசிக்கும், இது ஓடும். ஓடுகிறதென்றால் பிரஷை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

இப்படி இயற்கை எதிரியிடம் வேலையை விடுவதன் பலனைத் தமிழ்நாடு ஒருமுறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் பிடித்தது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள்; அதன்பிறகுதான் அடங்கியது. உங்கள் செடியில் மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, அசையாமல், முதுகில் வட்டத் துளையோடு இருந்தால் இப்படி ஏதோ ஒரு குளவி ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது. அந்தக் கிளையில் எதையும் தெளிக்காதீர்கள்.

நுனி சுருண்டு, இலைகள் நெருங்கி முடிச்சுப் போட்டதுபோல் வருகிறது

முடிச்சை விரித்தால் உள்ளே இளஞ்சிவப்பு உடம்போடு மாவுப்பூச்சி இருக்கும். அதன் எச்சில் பட்ட தளிர் இனி நேராக வராது. நான்கு அங்குலம் கீழே வெட்டிப் பையில் கட்டிவிட்டு, மற்றக் கிளைகளுக்கு மேலே சொன்ன வைத்தியத்தைச் செய்யுங்கள். உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ அசுவினி கூட்டமாக இருந்தால் தண்ணீர்ப் பீச்சலே போதும். இலையடியில் மெல்லிய நூலாம்படையும், மேலே தூசு தூவியதுபோன்ற வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. அதற்கும் தினம் ஒருமுறை இலையடியில் தண்ணீர்தான். நனையும் கந்தகம் போடலாமே என்பார்கள். நம் கோடைச் சூட்டில் கந்தகம் இலையைக் கருக்கும், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் போட்டால் இன்னும் மோசம்.

இலையில் கரி பூசியது போல் இருக்கிறது

இனிப்புக் கழிவின் மேல் வளரும் பூஞ்சை. ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். மேலே பூச்சியைத் தேடுங்கள்.

செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது என்று ஒரு நாள் கணக்கெடுங்கள். நேரடி வெயில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் இலைதான் வரும். பால்கனியில் வடக்குப் பார்த்து வைத்துவிட்டு வாழைப்பழத் தோல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

வெயில் போதுமென்றால் சாணமும் யூரியாவும் அதிகமாகியிருக்கலாம். இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரத்தைச் சின்ன அளவில் கொடுங்கள். பூ உரம் என்ற பெயரில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அள்ளிக் கொட்டுவது செம்பருத்திக்கு ஒத்துவராது. அதற்கு அது குறைவாகத்தான் வேண்டும், கூடினால் இரும்பை எடுப்பதும் தடைபடும்.

கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து எவ்வளவு நாளாகிறது? செம்பருத்தி புதிய கிளையில்தான் மொட்டு வைக்கும். மழை ஓய்ந்து தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் பங்குனியில் பக்கக்கிளைகள் கிளம்பும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். கத்திரி வெயிலில் மட்டும் கத்தரியை எடுக்காதீர்கள், மொட்டையான தண்டு வெந்துபோகும்.

வாங்கும்போது மஞ்சள் அடுக்கு, இப்போது சிவப்பு ஒற்றை

நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் தண்டின் அடியைப் பாருங்கள். பெரிய பூ ரகங்கள் பலவும் ஒட்டுச் செடிகள்; வலுவான நாட்டுச் செம்பருத்தித் தண்டின் மேல் வேறு ரகத்தை ஒட்டியிருப்பார்கள். மண்ணிலிருந்து சில அங்குலத்தில் ஒரு புடைப்போ, சாய்ந்த தழும்போ தெரியும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளை நாட்டு ரகம். அது வேகமாக ஓடும், சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மேலே இருக்கும் ரகம் மெலிந்து கடைசியில் காய்ந்துவிடும்.

ஒட்டுக்கு மேலே உயிர் இருந்தால், கீழே வந்ததை எல்லாம் அடியோடு பிய்த்தெடுங்கள். மேலாக வெட்டினால் அதே இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். ஒட்டுப் பகுதியை மண்ணுக்குள் புதைத்து நடவும் கூடாது. மேல்பகுதி காய்ந்தேவிட்டது, நகத்தால் கீறினாலும் பச்சை தெரியவில்லை என்றால் தழும்பு வரை வெட்டிவிட்டு, வந்திருக்கும் சிவப்பு ஒற்றையை அப்படியே வளரவிடுங்கள். மாடி வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் தாங்குவது அதுதான், பூஜைக்கும் எண்ணெய்க்கும் கேட்பதும் அதைத்தான்.